பல் டாக்டரின் பாட்டில் கண்ட குறைகள்

லிஃப்ட் மேடத்துக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் டார்ச் அடித்து லிஃப்டின் கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடத்தில் மூன்று இழை அறுந்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, கன்னத்தைப் பொத்திக்கொண்டு, பதினோரு மாடியும் படிக்கட்டிலேயே இறங்கினாள். இழை அறுந்த லிஃப்டில் ஏற அவள் மனசு ஒப்பாது.

லிஃப்ட் மேடம் என்ற பெயர் வாட்ச்மேன்கள் வைத்தது. ஊரில் இருக்கிற லிஃப்டுகளையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறாள். பார்க்காததை எழுதமாட்டாள், பார்த்ததை எழுதாமல் விடமாட்டாள். அதனால் அவளுக்குச் சிநேகிதர்கள் குறைவு. அவள் பார்த்த கட்டடங்களில் விபத்தும் குறைவு.

சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கிறது, ரூட் கெனால் பண்ண வேண்டும், நாலு தடவை வர வேண்டும் என்றார் பல் டாக்டர். ஐம்பதைத் தொட்ட மனிதர். மெல்லிய குரல், வெட்டிச் சுத்தமாக வைத்த நகம். முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது தடவைதான் வினை ஆரம்பித்தது.

ஊசி போட்டாகிவிட்டது. நாக்குக்கு இரண்டு பக்கமும் பஞ்சு. உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டை. டாக்டர் ட்ரில்லை எடுத்தார், ஏதோ யோசித்தார், ட்ரில்லை வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். நான் கொஞ்சம் பாட்டு எழுதுவேன். ஒண்ணு வாசிக்கிறேன். நீங்க வாயைத் திறந்தே வெச்சுக்கங்க, பேச வேண்டாம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

*நிலவே தேனே மானே மயிலே மலரே குயிலே*
*உன் விழிகள் இரண்டும் கடலாகும்*
*அக்கடலில் நான் கப்பலாகும்*
*கப்பல் கவிழ்ந்தால் கண்ணீராகும்*
*கண்ணீர் வழிந்தால் கவிதையாகும்*

"எப்படி?"

"ஆ" என்றாள் லிஃப்ட் மேடம். அந்த நிலையில் அவளால் சொல்ல முடிந்த ஒரே எழுத்து அதுதான்.

டாக்டர் முகம் மலர்ந்துபோயிற்று. "சரணத்தைக் கேளுங்க" என்று சொல்லி ட்ரில்லைக் கையில் எடுத்தார். சரணம் அவருக்கு மனப்பாடம். பாடிக்கொண்டே குடைந்தார். மருந்து சரியாக ஏறாத ஒரு மூலை இருந்தது. ட்ரில் அதைத் தேடிப்பிடித்தது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அழறீங்களா மேடம்?" டாக்டரின் குரல் தழுதழுத்தது. "அந்த இடத்துல எனக்கும் தொண்டை அடைக்கும்."

வெளியே வரவேற்பு மேசையில் டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுத்த தேதி எழுதிக் கொடுப்பது, ஃபோன் எடுப்பது, மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் அந்த அம்மாதான். கார்டை நீட்டும்போது மேசைக்கு மேல் எக்கிக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாட்டைக் கேட்டு அழுதீங்களாமே?"

"வலி" என்றாள் லிஃப்ட் மேடம், மரத்துப்போன வாயால்.

"அதானே பார்த்தேன்." அந்த அம்மா பெருமூச்சு விட்டாள். "நாலு வருஷமா எழுதறார். வர்ற ஆளுங்க எல்லாரும் பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாங்க. ட்ரில்லு கையில இருக்கறவரைப் பார்த்து வேற என்ன சொல்லுவாங்க? இப்போ பல் டாக்டர் சங்கத்து ஆண்டு விழாவுல இதைப் பாடப் போறாராம். முந்நூறு டாக்டர். அவ்வளவு பேரும் பல்லைக் காட்டிச் சிரிக்கப் போறாங்க."

"நீங்க சொல்லலாமே?"

"பாட்டே என்னைப் பத்தித்தான். நல்லா இல்லைன்னு நான் எந்த வாயால சொல்றது? உங்க தொழிலே குறை கண்டுபிடிக்கிறதுதானே? பார்த்து, மனசு நோகாம, ஆனா விடாம எழுதிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பாட்டின் நகல் ஒன்றை எக்ஸ்ரே உறைக்குள் வைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். அவர் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். "பேசாம நல்லாருக்குன்னு சொல்லிட்டு வா. உன் பல்லு அவர் கையில இருக்கு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பல்லைக் காப்பாத்தச் சொல்றேன்."

ஆனால் பாட்டை ஒரு முறை படித்துவிட்டாள். படித்துவிட்டு எழுதாமல் இருக்க அவளால் முடியாது. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வரி வரவில்லை. கடைசியில் பையிலிருந்து லிஃப்ட் ஆய்வுப் படிவம் ஒன்றை உருவினாள். 'கட்டடம்' என்ற இடத்தில் 'பாட்டு' என்று எழுதினாள். பேனா தானாக ஓட ஆரம்பித்தது.

*வரி 1: ஒரே வரியில் ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள். வரி தாங்கக்கூடியது இருவர். அளவு மீறிய பாரம். உடனே இறக்கவும்.*

*வரி 3: 'நான்' ஒரு தளத்திலும் 'கப்பலாகும்' வேறொரு தளத்திலும் நிற்கின்றன. இடையே பள்ளம். கேட்பவர் கால் இடறுவார். 'கப்பலாவேன்' என்று சமன் செய்யவும்.*

*வரி 4: கப்பல் கவிழ்கிறது. காரணம் தெரிவிக்கப்படவில்லை. உயிர்ச்சேதம் உண்டா என்ற விவரமும் இல்லை.*

*பல்லவி: மூன்று முறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே வந்து நிற்கிறது.*

'நல்ல அம்சங்கள்' என்ற கட்டம் காலியாக இருந்தது. மனசு நோகக்கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருந்தாளே. ரொம்ப நேரம் யோசித்து, *பாட்டு உரிய நேரத்தில் முடிகிறது* என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது தடவை போனபோது அவள் செய்த தப்பு, படிவத்தை வந்தவுடனே கொடுத்தது. டாக்டர் அதை வாங்கி மேசையில் வைத்தார், ஊசி போட்டார், பஞ்சு வைத்தார், ரப்பர் கட்டையை மாட்டினார், அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அறையில் எச்சில் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் தலைக்கு மேலே தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டு, தன் கணவர் சொன்னது எத்தனை சரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் படிவத்தை மடித்தார். ட்ரில்லைக் கையில் எடுத்தார். 

"மேடம்" என்றார். "நாலு வருஷத்துல என் பாட்டை ஒருத்தர்கூட இவ்வளவு கவனமாப் படிச்சதில்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு ட்ரில் ஒரு மூலையையும் தொடவில்லை. பூப்போல வேலை செய்தார். முடித்துவிட்டு, "குறையெல்லாம் சரி பண்ணிடறேன். நீங்க மறுபடி ஆய்வு பண்ணணும்" என்றார். "உங்க பல்லுக்குத் தற்காலிகமா அடைச்சிருக்கேன். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரமும் தற்காலிகமாகவே அடைத்தார். அதற்கடுத்த வாரமும். நாலு தடவையில் முடிய வேண்டிய பல் ஏழாவது தடவைக்கு வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் பாட்டின் புதிய வடிவம் தயாராக இருந்தது. அவளும் விடவில்லை, திருத்தியதைப் பார்க்காமல் விடுவது அவள் தொழிலில் கிடையாது.

டாக்டரின் மனைவி இதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஒருத்தர் சொல்லியே இவ்வளவு பலன் என்றால் ஊரே சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்து, அந்தப் படிவத்தை வெறுமையாக நூறு நகல் எடுத்துக் காத்திருக்கும் அறையில் வைத்துவிட்டாள். பல் துலக்கும் முறையை விளக்கும் படம் இருந்த இடத்தில் பாட்டை ஒட்டினாள். வருகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. வலியை மறக்க அதை நிரப்பினார்கள். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், கப்பல் எத்தனை டன் என்று தெரியாமல் கவிழுமா கவிழாதா என்று கருத்துச் சொல்ல இயலாது என்று எழுதினார். தையல்கார அம்மா ஒருத்தி, இரண்டாவது வரி இடுப்பில் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துவிடலாம் என்றாள். பல்லுக்குக் கம்பி போட வந்த பள்ளிக்கூடப் பெண் பத்துக்குப் பூஜ்யம் போட்டு, பூஜ்யத்துக்குள் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தாள்.

டாக்டர் ஒன்றையும் ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்தார்.

ஏழாவது தடவை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, ராகத்தோடு பாடினார்.

*நிலவே, தேனே (மற்றவர்கள் அடுத்த சரணத்தில்)*
*உன் விழிகள், இடது ஒன்று, வலது ஒன்று, கடலாகும்*
*அக்கடலில் நான் எண்ணூறு டன் கப்பலாவேன்*
*கப்பல் கவிழாது, கவிழ்ந்தாலும்*
*உயிர்ச்சேதம் ஏதும் இருக்காது*

பாடி முடித்து ஒரு தாளை நீட்டினார். லிஃப்டுக்குள் ஒட்டுகிற சான்றிதழ் மாதிரியே அச்சடித்திருந்தார். 'இப்பாட்டு முறைப்படி ஆய்வு செய்யப்பட்டது. பாடுவதற்குத் தகுதியானது.' கீழே அவள் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. "ஞாயித்துக்கிழமை விழா. மேடையில இதைக் காட்டிட்டுத்தான் பாடுவேன்."

அன்றைக்கு ஊசி மட்டும்தான் போட்டிருந்தார். பஞ்சு இன்னும் வைக்கவில்லை. லிஃப்ட் மேடம் கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு எழுந்து உட்கார்ந்தாள். சான்றிதழைப் பார்த்தாள். பேனாவை எடுக்க அவள் கை போகவில்லை. பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் சொன்னது, கப்பல்காரர் சொன்னது, தையல்கார அம்மா சொன்னது, எல்லாம் திருத்தப்பட்டிருந்தது. ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. இதைப் பண்ணியது நான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பழைய பாட்டில் ஒரு கிறுக்கனாவது இருந்தான்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது டாக்டர்" என்றாள். நாக்கு தடித்திருந்ததால் 'தாக்தர்' என்று வந்தது.

"இன்னும் குறை இருக்கா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. உள்ளே ஆள் இல்லை." கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "நான் உங்களைத் தப்பா நடத்திட்டேன். முதல்ல கேக்க வேண்டியதைக் கேக்கவே இல்லை. உங்க வீட்டம்மாவைப் பத்தின பாட்டு இது. அவங்க எங்கே இதுல? நிலவு, மான், மயில் எல்லாம் ஊருக்கே பொது. அவங்களைப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு போதும்."

டாக்டர் யோசித்தார். கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பத்தொன்பது வருஷம் கூடவே இருக்கா. டக்குனு கேட்டா…" என்று இழுத்தார். முகம் வேர்த்துவிட்டது. பிறகு கதவைத் திறந்து, "கொஞ்சம் உள்ளே வாம்மா" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மா பேனாவும் கையுமாக வந்தாள்.

"உக்காரு. உன்னைக் கொஞ்சம் பார்க்கணும்."

"எதுக்கு?"

"பாட்டுக்கு."

லிஃப்ட் மேடம் இறங்கி இடம் கொடுத்தாள். அந்த அம்மா தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் மனைவியின் நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. அவர் கை பழக்கத்தில் விளக்கை இழுத்தது. "ஆ காட்டு" என்றார்.

"வேண்டாங்க."

"சும்மா, ஒரு நிமிஷம்."

"வேண்டாம்னா விடுங்களேன்!" என்று சொல்ல அந்த அம்மா வாயைத் திறந்தாள். அது போதும். இருபத்தைந்து வருஷத் தொழில். கண்ணாடிக் குச்சி உள்ளே போய்விட்டது.

டாக்டரின் குச்சி ஒரு பல்லில் போய் நின்றது.

"கீழ்வரிசை, வலது பக்கம், ஆறாம் பல்" என்றார். "அடைச்சிருக்கு. இது என் வேலை இல்லையே."

 காத்திருக்கும் அறையில் யாரோ படிவத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார் டாக்டர்.

அந்த அம்மா குச்சியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "எதிர்த் தெரு டாக்டர். மூணு வருஷமாச்சு."

"மூணு வருஷமா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணிக்கவும் போறேன். காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லுவேனே, அப்போ."

"எதுக்கு? நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது?"

"உங்ககிட்ட உக்காந்தா வாயைத் திறந்து வெச்சுட்டுப் பாட்டு பாடுவீங்க. அவர் பாடமாட்டார். வேலையை முடிச்சிட்டு அனுப்பிடுவார்."

டாக்டர் கையுறையை மாட்டினார். மனைவியைப் போகச் சொல்லிவிட்டு, லிஃப்ட் மேடத்தை உட்கார வைத்து, முக்கால் மணி நேரத்தில் பல்லுக்கு நிரந்தரமாக அடைத்து முடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு தடவையில் அன்றைக்குத்தான் அவள் அந்த நாற்காலியில் நிம்மதியாகப் படுத்திருந்தாள். அதற்காக வெட்கமும் பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு விழா. டாக்டரின் மனைவி ஃபோனில் கெஞ்சிக் கூப்பிட்டதால் லிஃப்ட் மேடம் கணவரோடு போயிருந்தாள். "நாலு நாளா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. குளியலறையில கதவைச் சாத்திட்டு எழுதறார். என்ன பண்ணப் போறார்னே தெரியலை. நீங்க பக்கத்துல இருங்க" என்றிருந்தாள். முன்வரிசையில் அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் லிஃப்ட் மேடம். மண்டபம் முழுக்கப் பல் டாக்டர்கள். புதுப் பற்பசை பற்றி ஒருவர் நாற்பது நிமிஷம் பேசி முடித்ததும் டாக்டர் மேடையேறினார். கையில் சான்றிதழ் இல்லை. மடித்த தாளும் இல்லை.

*பத்தொன்பது ஆண்டு என் பக்கத்தில் சிரித்தாய்*
*பார்த்தேன் என்று நினைத்தேன்*
*ஊர்வாய் எல்லாம் உள்ளே பார்த்தவன்*
*உன் வாய் பார்க்க மறந்தேன்*
*ஆறாம் பல்லில் வெள்ளி வைத்தவன்*
*அடுத்த தெருவில் இருந்தான்*
*அவனுக்குத் தெரிந்த உன் வலி ஒன்று*
*எனக்குத் தெரியாதிருந்தேன்*

சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஆனால் முந்நூறு பேரும் மூச்சுக் காட்டவில்லை. நாலாவது வரிசையில் ஒரு வயதான டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். தன் மனைவியின் வாயை இன்னொருவன் பார்த்திருப்பது என்பது அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஈரக்குலையைப் பிடிக்கும் செய்தி. பலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கள் மனைவிகளைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட் மேடம் கடைசி வரியில் 'எனக்குத் தெரியாதிருந்தேன்' என்று இலக்கணம் தளம் மாறி நிற்பதைக் கவனித்தாள். கவனித்தும் குறித்துக்கொள்ளவில்லை.

கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒல்லியான மனிதர்.

"பாட்டு நல்லா இருக்கு. ஒரே ஒரு திருத்தம்" என்றார். "அது வெள்ளி இல்லை."

மண்டபம் திரும்பியது. எதிர்த் தெரு டாக்டர்.

"பல் நிறத்துலதான் அடைச்சேன். வெள்ளி வைக்கிறதை விட்டு எட்டு வருஷமாச்சு. இத்தனை பேர் முன்னாடி நான் இன்னும் வெள்ளி வைக்கிறேன்னு பாடினா என் பேர் என்ன ஆகறது?"

"எனக்கும் தெரியும்" என்றார் மேடையில் இருந்தவர், மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு. "பாட்டுக்கு வெள்ளிதான் பொருந்துது."

"பாட்டுக்காக என் வேலையை மாத்துவீங்களா? அதுவும் ஆறாம் பல் இல்லை. ஏழாம் பல்."

"ஆறு!"

"ஏழு! வெச்சவன் நான்!"

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளி என்றால் தப்பில்லை, அது கவிதை என்று ஒரு கூட்டம். கவிதையாவது மண்ணாவது, பல் எண்ணைத் தப்பாகச் சொல்லக்கூடாது என்று ஒரு கூட்டம். சங்கத் தலைவர் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். யாரோ ஒருவர், காத்திருக்கும் அறையில் படிவம் நிரப்பியவராக இருக்க வேண்டும், "அந்த லிஃப்ட் மேடம் வந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க! அவங்கதான் ஆய்வாளர்!" என்று கத்தினார்.

முந்நூறு முகமும் அவள் பக்கம் திரும்பியது. கணவர் அவள் முழங்கையைப் பிடித்தார். "நல்லாருக்குன்னு சொல்லிட்டு உக்காரு" என்று காதில் முணுமுணுத்தார்.

லிஃப்ட் மேடம் எழுந்தாள். "நான் பார்க்காததைச் சொல்லமாட்டேன்" என்றாள். "பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

எல்லாரும் டாக்டரின் மனைவியைப் பார்த்தார்கள். அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மேடையிலிருந்து டாக்டர் பதறி இறங்கி வந்தார். "தப்புப் பண்ணிட்டேனாம்மா? பேர் சொல்லலையே நான்…"

அந்த அம்மா தலைப்பை எடுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கடைசி ரெண்டு வரி" என்றாள். "நல்லா இருக்குங்க. நிஜமாவே நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"வாயைத் திறந்து வெச்சுட்டா சொல்றேன்? மூடித்தானே இருக்கேன்."

 மைக் வயர் காலில் சுற்றிக்கொள்ள, டாக்டர் மனைவி முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எதிர்த் தெரு டாக்டர் பின்வரிசையிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அப்போ ஏழுதானே அம்மா? நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நானா உள்ளே பார்த்தேன்?" அந்த அம்மா மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "பாருங்க. ஆனா ஒருத்தர் ஒருத்தரா வாங்க. தள்ளிக்கிட்டு வந்தா மூடிடுவேன்."

முதலில் அவள் கணவர் குனிந்தார், அடுத்து எதிர்த் தெரு டாக்டர், அடுத்து லிஃப்ட் மேடம். அவர்களுக்குப் பின்னால், ஆளுக்கொரு ஃபோன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மேடையைச் சுற்றி வாசல் வரைக்கும் வரிசை நீண்டது. சாப்பாடு ஆறுகிறது என்று சமையல்காரர் மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தரும் அசையவில்லை.